ஆடி கழியட்டும்

ஜூன் 20, வெள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். முன்னாள் மாணவி என்ற கணக்கில் நானும் உறுப்பினர். யாருக்கும் சம்பளம் இல்லை. ஊருக்காகச் செய்கிறோம். இந்த வாக்கியத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறை கட்டி முடிந்துவிட்டது. பழையது விழும் நிலையில் இருந்ததால் அதை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டியிருக்கிறார்கள். பெருமை சாமியப்பன் ஐயாவுக்கு. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், குழுவில் கல்வி ஆர்வலர். இதே பள்ளியில் படித்துக் கோயம்புத்தூரில் மில் வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்து, இறந்துபோன அவருடைய அம்மாவின் பெயரில் கட்டச் சம்மதிக்க வைத்தது அவர்தான். வெயிலில் நின்று சுவருக்குத் தண்ணீர் விட்டதும் அவர்தான். அவர் இல்லாவிட்டால் கட்டடம் இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

எல்லோரும் போய்ப் பார்த்தோம். இளநீல டைல்ஸ். எல்லாக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள். வாசலில் அந்த அம்மாளின் பெயர் பொறித்த கிரானைட் கல், அதன் மேல் மஞ்சள் துணி.

"செருப்பக் கழட்டிப்போட்டு உள்ள வாங்க" என்றார் ஐயா.

கழிப்பறைக்குள். கழற்றினோம். நானும்.

பிறகு பூட்டினார். சாவி சட்டைப் பைக்குள் போயிற்று. மில்காரர் முப்பதாம் தேதி வந்து திறந்து வைப்பாராம்.

தலைவி பூங்கொடி அக்கா வரவில்லை. தலைவி பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும் என்று விதி. அவர் மகள் தரணிகா பத்தாம் வகுப்பு. அக்கா பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். கூட்டம் மதியம் மூன்று மணிக்கு. கம்பெனி வேன் திரும்புவது பொழுது சாய்ந்த பிறகு. கையெழுத்தை யாராவது வீட்டுக்குப் போய் வாங்கி வருவார்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுக்கப் பொதுவெளி பற்றிப் படித்தேன். அதில் வேன் நேரம் பற்றி ஒரு பத்திகூட இல்லை.

கிளம்பும்போது ஐயா என்னைத் தனியே கூப்பிட்டார். "உன்ற விசயம் ஞாபகத்துல இருக்குது கண்ணு. ஆகஸ்ட் கூட்டத்துல வச்சரலாம்."

ஆங்கில ஆசிரியர் இடம் காலி. தற்காலிக ஆசிரியரைக் குழுவே போட்டுக்கொள்ளலாம். இதற்கும் கழிப்பறைக்கும் சம்பந்தம் இல்லை.

ஜூன் 25, புதன்

பள்ளி முடிந்ததும் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இதுவும் சம்பளமில்லாத வேலை. பெண்பிள்ளைகள் காலையில் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை அப்படியே நிறைவாக வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

ஜூன் 30, திங்கள்

மில்காரர் வரவில்லை. ஜெர்மனி போயிருக்கிறார், மெஷின் பார்க்க. வாழைமரம் கட்டியாகிவிட்டது. கேசரி கிண்டியாகிவிட்டது. பிள்ளைகள் கேசரியைத் தின்றுவிட்டு, வாழைமரம் கட்டிய பூட்டிய கட்டடத்தைத் தாண்டி வாய்க்கால் பக்கம் ஒதுங்கப் போனார்கள்.

ஜூலை 4, வெள்ளி

வகுப்பில் தரணிகா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டேன். திரும்பவே இல்லை.

"எங்க இருக்கே நீ?"

"அக்கா, மூணு மணிக்கு மேல நீங்க சொல்றது எதுவுமே காதுல ஏறாதுக்கா. வயிறு முட்டிட்டு இருக்கும். இங்கிலீஸ் எங்க போய் நிக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பதற்கும் பயந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வகுப்பைச் சீக்கிரம் முடித்தேன். பூட்டிய கழிப்பறை. முப்பது அடி தள்ளிப் பெண்பிள்ளைகள். இவர்களெல்லாம் மனிதர்களா?

ஜூலை 8, செவ்வாய்

ஐயாவைச் சந்தையில் பார்த்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அவரு எப்பத்தானுங்க வராரு?"

"அடுத்த வாரம் வந்துருவாரு கண்ணு. நானும் தெனமும் போன் போடறேன். எனக்கும் சங்கடமாத்தான் இருக்குது."

"சரிங்கய்யா."

ஜூலை 16, புதன்

அடுத்த வாரம் வந்துவிட்டது. அவர் வரவில்லை. நாளை ஆடி ஒன்று.

தலைமையாசிரியை எஸ்தர் டீச்சரின் அறைக்குப் போனேன். மின்விசிறி சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்தது.

"ஆடி பொறந்துட்டா சாமியப்பன் சார் எதையும் தொறக்க விடமாட்டாரு சங்கவி. ஆவணி வரணும்."

"கழிப்பறைக்கு எதுக்கு டீச்சர் ஆடி?"

"எனக்கு ஆடியும் இல்ல, ஆவணியும் இல்ல. ஆனா சாவியும் எங்கிட்ட இல்ல."

"நீங்க தலைமையாசிரியை."

"நான் வந்து ரெண்டு வருசம். இன்னும் ரெண்டு வருசத்துல போயிடுவேன். கூரை ஒழுகினா அவருதான் வர்றாரு. கேட்டு ஒடஞ்சா அவருதான் வர்றாரு. அவர மொறைச்சிக்கிட்டு நான் யாரைக் கூப்பிடறது, சொல்லு?"

கோழை. வெளியே வந்ததும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கோழை, கோழை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. வீதியெங்கும் ஒலிபெருக்கி. அம்மனுக்குக் கூழ். அம்மன் பெண்தான். யாரிடம் சொல்ல.

ஜூலை 24, வியாழன்

ஒரு யோசனை. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது. ஆனால் ஆடிப் பதினெட்டு விலக்கு. அன்று எதைத் தொடங்கினாலும் பெருகும் என்பார்கள். அவர்கள் கத்தியைக் கொண்டே அவர்களை அறுப்பது.

ஐயா வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி முறுக்கும் காபியும் கொடுத்தார். இரண்டையும் முடித்த பிறகு சொன்னேன்.

"ஆடிப்பெருக்கன்னைக்கு வச்சுக்கலாமுங்களா ஐயா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இது எனக்குத் தோணல பாரு. படிச்ச புள்ளைங்கறது இதுதான்." உடனே போன் போட்டார். மில்காரர் அன்றைக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறார். ஐயா போனை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஆடி கழியட்டும் கண்ணு. அவங்கம்மா பேருல இருக்கறது. நம்ம பாட்டுக்கு எதாச்சும் பண்ணி, அந்த மனுசன் மனசு கோணிருச்சுன்னா நாளைக்கு லேப் யாரு கட்டித் தருவாங்க?"

"அதுவும் சரிதானுங்க."

"அதுவும் சரிதானுங்க" என்று சொன்னது மரியாதைக்காக. அவருக்கே அது தெரிந்திருக்கும்.

ஜூலை 29, செவ்வாய்

வாய்க்கால் கரையில், சீமைக்கருவேல மறைவில், மூன்று பிள்ளைகள். மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஒருவன் நின்றிருக்கிறான். கையில் போன். பிள்ளைகள் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். தரணிகா விழுந்து, உள்ளங்காலில் முள் முறிந்துவிட்டது.

அவன் யாரென்று யாருக்கும் தெரியவில்லையாம். எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 31, வியாழன்

தரணிகா இரண்டாம் நாளாக வரவில்லை. வேன் நிற்கும் இடத்தில் போய்க் காத்திருந்தேன். பூங்கொடி அக்கா இறங்கினார். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி.

"கால் எப்படி இருக்குங்கக்கா அவளுக்கு?"

"காலு ஆறிரும்."

"எப்ப ஸ்கூலுக்கு அனுப்புவீங்க?"

"அனுப்பல. எங்ககூடவே கம்பெனிக்கு வரட்டும். துணி அடுக்கற வேல. அங்க நான் பாத்துக்குவன். உள்ளாறயே பாத்ரூம் இருக்குது, தாப்பாள் இருக்குது."

"பத்தாவதுங்கக்கா. பரீட்சை இருக்குது. நல்லா படிக்கற புள்ள."

"எனக்குத் தெரியாதா அம்மணி, எம்புள்ள நல்லாப் படிக்கறது?" பையைத் தோள் மாற்றினார். "அவன் போன்ல என்ன புடிச்சானோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. இதுல பரீட்சையா?"

"நீங்கதானக்கா தலைவி. நீங்க கேட்டா…"

"ஆமா, தலைவி. நானு சாயங்காலம் வந்து எறங்கற தலைவி. கூட்டத்துல இருக்கறது நீதான. நீ என்னத்தக் கேட்டே?"

நான் ஆடிப்பெருக்கு யோசனையைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நடந்து போய்விட்டார்.

அவருக்குப் புரியாது. குழுவுக்குள் இருந்துகொண்டு வேலை செய்வது எவ்வளவு நுட்பமானது என்று.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கூட்டம். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே தயாரித்து வைத்திருந்தேன். கட்டடம் கல்லுக்காக அல்ல. இறந்தவருக்காக அல்ல. இன்றே திறக்க வேண்டும்.

முதலில் வாய்க்கால் விஷயம் வந்தது. எல்லோரும் கொதித்தார்கள். உண்மையாகவே கொதித்தார்கள். ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம புள்ளைகளுக்கு இப்படி நடக்கறதா" என்றார். நாளைக்கே எல்லோரும் சேர்ந்து அந்த முள்ளுக்காட்டை வெட்டிச் சுத்தம் செய்துவிடுவது என்று முடிவாயிற்று. எவனும் ஒளிந்து நிற்க முடியாது.

கை உயர்த்தினேன்.

"கண்ணு, ஒரு நிமிசம். உன்றது அடுத்ததுதான்" என்றார் ஐயா. அடுத்தது ஆங்கில ஆசிரியர் நியமனம். ஒருமனதாக என் பெயர். "நம்ம ஊட்டுப் பொண்ணு, யுனிவர்சிட்டில படிச்சவ, இத்தன நாளா சும்மா வந்து சொல்லித் தருது" என்று அவர் சொன்னபோது கைதட்டினார்கள். எஸ்தர் டீச்சர் ஜாங்கிரிப் பெட்டியைத் திறந்தார். பதினெட்டாம் தேதி வேலையில் சேர வேண்டும்.

அதற்கு மேல் எப்படி அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்வது? வாயில் ஜாங்கிரி.

எவ்வளவு சுலபமாக இந்த ஊர் தன்னைத் தானே மன்னித்துக்கொள்கிறது. ஒரு முள்ளுக்காடு போதும். அருவருப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

காலையிலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள். ஜேசிபி ஒன்று, அதையும் யாரோ இலவசமாகக் கொடுத்தது. அரிவாளோடு அப்பாமார்கள். மோர், தண்ணீர்ப் பந்தல். மதியத்துக்குள் வாய்க்கால் கரை மொட்டையாகிவிட்டது. பள்ளியிலிருந்து பார்த்தால் வாய்க்கால் தெரிகிறது, வாய்க்காலுக்கு அப்பால் தார் ரோடு தெரிகிறது, ரோட்டில் போகிறவரின் முகம் தெரிகிறது.

எல்லோரையும் நிற்க வைத்துப் புகைப்படம் எடுத்தது நான்தான்.

எடுத்து முடித்துத் திரையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. திங்கட்கிழமை பிள்ளைகள் எங்கே போவார்கள்?

ஆகஸ்ட் 4, திங்கள்

எங்கேயும் போகவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை பாவாடையை நனைத்துவிட்டது. பதினான்கு வயது. வகுப்பில் எல்லோரும் எழுந்து போகும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

எழுத முடியவில்லை. பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "பொழுதன்னைக்கும் யாருகூடடி சண்ட போடற, அந்த நோட்டுல?"

ஆகஸ்ட் 11, திங்கள்

நடந்ததை நடந்தபடி.

காலை பால் வாங்கப் போனேன். கம்பெனி வேன் நின்றிருந்தது. ஜன்னலோரம் பூங்கொடி அக்கா, பக்கத்தில் தரணிகா. துப்பட்டாவைத் தலையோடு கட்டியிருந்தாள், தூசிக்காக. என்னைப் பார்த்ததும் வழக்கம்போலச் சிரித்து, "குட் மார்னிங் மிஸ்" என்றாள். மிஸ். வேலை கிடைத்தது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. வேன் போய்விட்டது.

பால் பாத்திரத்தோடு நேராகப் பள்ளிக்கு நடந்தேன். கழிப்பறைச் சுவரோரம் கட்டட வேலையில் மிச்சமான கம்பிகள் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பூட்டின் வளையத்துக்குள் விட்டு நெம்பினேன். பூட்டு அசையவில்லை. கதவில் அதைப் பிடித்திருந்த கொண்டி ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. ஐயா பார்த்துப் பார்த்துச் செய்த கதவு. கால்மீது விழுந்தது பூட்டு, இன்னும் பூட்டியபடியே.

மரத்தடியில் காலை வழிபாட்டுக்கு நின்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை. பிறகு நனைத்துவிட்ட அந்தப் பிள்ளை வரிசையை விட்டு நடந்து வந்தது. பிறகு எல்லோரும்.

உள்ளே குழாயைத் திருகினால் தண்ணீர் இல்லை. மோட்டார் இணைப்பே கொடுக்கவில்லை. விழாவுக்கு முந்தைய நாள் கொடுப்பதாக இருந்ததாம். பெரிய பிள்ளைகள் சத்துணவுக் கூடத்து வாளிகளை எடுத்துக்கொண்டு அடிபம்புக்கு ஓடினார்கள். நான் பம்பு அடித்தேன். பால் பாத்திரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

ஐயா வந்தபோது தரை முழுக்கச் சேறு. இளநீல டைல்ஸில் செருப்புத் தடங்கள். அவர் வாசலில் நின்று தன் செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல கண்ணு?"

"எத்தன தடவ கேட்டனுங்க!"

"நீ எங்க கேட்டே? அவரு எப்ப வருவாருன்னு கேட்டே. ஆடிப்பெருக்குல வச்சுக்கலாமான்னு கேட்டே. விழா எப்பன்னுதான கேட்டே நீயி. தொறந்து உடுங்கன்னு ஒரு நாளாச்சும் சொன்னியா?"

"சொன்னா தொறந்திருப்பீங்களா?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "தெரியல" என்றார். "சொல்லிப் பாத்திருக்கோணும்."

பொய். நான் கேட்டேன். முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

அவசரக் கூட்டம். பூங்கொடி அக்கா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். முதல்முறையாக முழுக் குழு.

இரண்டு தீர்மானங்கள். ஒன்று, பொதுச்சொத்தை உடைத்ததற்காக என் நியமனம் ரத்து. இரண்டு, ஆவணி இரண்டாம் தேதி மில்காரர் வருகிறார், அதுவரை புதுக் கொண்டி அடித்துப் புதுப் பூட்டு.

முதலாவதைப் படித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டால் ரத்து செய்ய மாட்டார்கள் என்று தெரிந்தது. ஐயாகூட அதற்காகத்தான் காத்திருந்தார் போலிருந்தது. நான் எழுந்து, "பூட்ட வேண்டாமுங்க" என்றேன். வேறு எதுவும் வரவில்லை. குரலும் சின்னதாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

பூங்கொடி அக்கா முதல் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார். தயங்கவே இல்லை. எனக்கு முகம் சுட்டது.

"பூட்டப் புடுங்குனது தப்பு. போட்டாச்சு" என்றார். "பூட்டி வச்சது தப்புதானுங்க? அதுக்குத் தீர்மானம் எங்க? அதையும் எழுதுங்க, போடறேன்."

யாரும் எழுதவில்லை.

"பூங்கொடி, கோவப்படாத சாமி" என்றார் ஐயா. "இன்னும் நாலு நாளுதான."

"எனக்கு என்னங்கய்யா கோவம். நாலு நாளைக்கு உங்க ஊட்டுக் கக்கூசப் பூட்டி எங்கிட்ட சாவியக் குடுங்க. அப்பறம் இத நாம பூட்டிக்கலாம்."

பின்வரிசையில் ஒரு அம்மா சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் இன்னொருவர். எஸ்தர் டீச்சர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது.

ஐயா இரண்டாவது தீர்மானத்தைப் படிக்கச் சொல்லவில்லை. பூட்டு வேண்டாம், விழாவுக்கு வாசலில் ரிப்பன் மட்டும் கட்டிக்கொள்ளலாம் என்றார். மோட்டார் இணைப்பு நாளைக்கே கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். வீட்டுக்குப் போகும்போது நடை தளர்ந்திருந்தது. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வராததும் எரிச்சலாக இருக்கிறது.

வெளியே அக்காவிடம், "தரணிகா வருவாளாங்கக்கா?" என்றேன்.

"பாக்கலாம்" என்றார். "உன்ற வேல போச்சு. வருத்தமா?"

இல்லை என்றேன்.

"பொய் சொல்லாத அம்மணி."

ஆகஸ்ட் 18, திங்கள்

நான் ஆசிரியராகச் சேர்ந்திருக்க வேண்டிய நாள். வேலிக்கு வெளியே, ரோட்டில் நின்று பார்த்தேன். யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

காலை வழிபாடு முடிந்ததுமே வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டார்கள். மில்காரர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு ஆனது. வெயிலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ரிப்பன் இருந்ததால் யாரும் உள்ளே போகவில்லை.

பத்தாம் வகுப்பு வரிசையின் கடைசியில் தரணிகா. ஒரு காலில் எடை போட்டு நின்றாள்.

கார் வந்தது. மில்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வெள்ளைச் சட்டை, களைத்த முகம். தாமதத்துக்கு எல்லோரிடமும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கல்லின் மேலிருந்த மஞ்சள் துணியை விலக்கி, அம்மாவின் பெயரைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயா தட்டில் கத்தரிக்கோல் நீட்டினார். மில்காரர் அதை எடுக்காமல் பேசத் தொடங்கினார். அம்மா தன்னைப் படிக்க வைத்த கதை. அம்மா பட்ட கஷ்டம். பெண்மையைப் போற்றுவது.

அது நீண்டது.

தரணிகா வரிசையை விட்டு வெளியே வந்தாள். ஓடவில்லை. நொண்டி நொண்டி, கூட்டத்துக்கு முன்னால், பேசிக்கொண்டிருப்பவருக்கு முன்னால் நடந்தாள். "ஏம்புள்ள, நில்லு" என்று யாரோ சொன்னார்கள். வாசலுக்கு வந்ததும் தலையைக் குனிந்து ரிப்பனுக்குக் கீழே நுழைந்தாள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழும் ஓசை மைக்கிலேயே கேட்டது.

பேச்சு நின்றுவிட்டது.

மில்காரர் ஐயாவைப் பார்த்தார். ஐயா தட்டைப் பார்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். மில் முதலாளி, கூட்டுறவுச் சங்கம், கல்வித்துறை, நாதஸ்வரம், எல்லோரும், ஒரு பெண் வெளியே வருவதற்காக.

உள்ளே குழாய் திறந்து தண்ணீர் விழுந்தது. அவள் அவசரப்படவில்லை.